பொலிரோ, ஸ்கார்பியோ மாதிரி வண்டிகளுக்கு ஏ.டி. (ஆல் டெரெய்ன், அதாவது தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் பொதுவான) டயர் போடலாமா? போட்டு ஓட்டியவர்களின் அனுபவம் என்ன? செலவைக் குறைக்க இரண்டு மட்டும் மாற்றலாமா?

எந்த மண்ணில் ஓட்டுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. டயர் கடையிலும் யாரும் அதைக் கேட்பதில்லை. "போட்டுப் பாருங்க சார், வண்டி கெத்தா இருக்கும்" என்பதோடு சரி. எல்லாமே அந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். வண்டி பொலிரோ, ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. கம்பெனி டயர் தேய்ந்த பிறகு ஏ.டி.க்கு மாறினேன். இப்போது ஓடுவது இரண்டாவது செட்.

எனக்குக் கிடைத்த லாபம் முள்ளிலும் கல்லிலும்தான். காட்டுக்குப் போகிற பாதை கண்மாய்க் கரையோரம், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். முள் வெட்டிப் போட்ட நாட்களில் பழைய டயரோடு உள்ளே போனால் பஞ்சர் கடைக்குப் போகாமல் வீடு திரும்ப முடியாது. ஏ.டி.யில் பட்டன் (தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டிகள்) ஆழமாக இருக்கிறது, ரப்பரும் வெட்டுக்கும் பிய்தலுக்கும் கொஞ்சம் தாங்குகிற கலவை. பஞ்சர் நன்றாகவே குறைந்தது. ஜல்லி கொட்டிய பாதையிலும் ஓரங்கள் முன்போலப் பிய்வதில்லை. ஆனால் பக்கவாட்டில் ஏறுகிற முள் இதிலும் ஏறத்தான் செய்யும். அந்த இடத்தில் ஓட்டை விழுந்தால் பஞ்சர் போட்டு ஓட்டக் கூடாது, டயரையே மாற்ற வேண்டும். பஞ்சரே ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கரிசல் மண் வேறு கதை. ஐப்பசி மழையில் நனைந்த கரிசலில் இறக்கினால் பத்தடி போவதற்குள் பட்டன் இடைவெளி முழுக்கச் சேறு அடைத்துக்கொள்ளும். அதற்கு மேல் அது ஏ.டி.யும் இல்லை, வெறும் மொட்டை டயர். சேற்றை உதறித் தள்ள எம்.டி. (மட் டெரெய்ன், சேற்றுக்கென்றே செய்த) டயரில் இருப்பது போல அகலமான இடைவெளி வேண்டும். அந்த டயரைத் தார் ரோட்டில் ஓட்டினால் இரைச்சல் தாங்காது, தேய்மானமும் அதிகம். மழை மாதத்தில் நான் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போய்விடுவேன்.

மணலிலும் பட்டனை நம்பிப் பயனில்லை. சாத்தான்குளம் பக்கம் மச்சானுக்கு முருங்கைத் தோட்டம் இருக்கிறது, தேரி மணல். அங்கே ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏ.டி. டயர் குழி பறித்துக்கொண்டு உட்காரும். காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயர் அகலமாகப் பரந்து மணல் மேலேயே போகும். அது எந்த டயருக்கும் பொருந்தும். தார் ரோடு ஏறியதும் திரும்பக் காற்றடிக்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடேறிக் கெட்டுவிடும். அதனால் ஒரு சின்ன பம்ப் வண்டியிலேயே கிடக்கட்டும்.

செம்மண் பாதை, சரளை ரோடு, மலையில் பெயர்ந்து கிடக்கிற ரோடு, இதற்கெல்லாம் ஏ.டி. அருமை.

அப்புறம் தார் ரோடு. மதுரைக்கு நாலுவழிச் சாலையில் போகும்போது 60-ஐத் தாண்டினால் ஒரு ரீங்காரம் வரும், டயர் தேயத் தேயக் கூடும். பொலிரோவே சத்தம் போடுகிற வண்டி, எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஸ்கார்பியோ-என் வைத்திருப்பவர்களுக்கு உறுத்தலாம். மைலேஜ் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் குறைந்தது. டயர் கனம், உருள்வதும் கடினம், வேறென்ன செய்யும். இதையெல்லாம் விட முக்கியம் நனைந்த தார் ரோட்டில் பிரேக். ரோட்டைத் தொடுகிற ரப்பர் குறைவு என்பதால் நல்ல ரோடு டயர் நிற்கிற தூரத்தில் இது நிற்காது. மழையில் முன்னால் போகிற வண்டிக்குக் கூடுதல் இடம் விட்டே ஓட்டுகிறேன். வாரம் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடி, ஊர்த் திருவிழாவுக்கு மட்டும் மண் ரோட்டில் இறங்குகிற வண்டி என்றால் ஏ.டி. வேண்டாம் என்பேன்.

வாங்குவதென்றால் கம்பெனி அளவிலேயே வாங்குங்கள். பொலிரோவின் 215/75 ஆர்15-க்குப் பதில் 235/75 போட்டால் விட்டம் 30 மி.மீ. கூடும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-இல் போகும். வளைத்துத் திருப்பும்போது உரசவும் வாய்ப்புண்டு. பக்கவாட்டில் எழுதியிருக்கும் லோடு இண்டெக்ஸ் (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான எண்) பழைய டயரை விடக் குறையக் கூடாது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள், அதனால் வெளிநாட்டு டயர் என்று தருவது பழைய ஸ்டாக்காகவும் இருக்கலாம். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். நாலு இலக்கம் இருக்கும். 1524 என்றால் 2024-இன் 15-ஆவது வாரம்.

செலவைக் குறைக்க இரண்டு மட்டும் மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் கூடாது, நாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மற்ற வண்டிகளிலும் நாலையும் மாற்றுவதே நல்லது. ஸ்டெப்னியாகப் பழைய டயரே கிடக்கலாம், அளவு ஒன்றாக இருக்கும்வரை. பெரிய அளவுக்கு மாறியிருந்தால் அந்தப் பழைய ஸ்டெப்னியைப் பின்பக்கம் மாட்டிக்கொண்டு பஞ்சர் கடையைத் தாண்டி ஓட்டாதீர்கள், டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி) வாங்கிக் கட்டிக்கொள்ளும்.