விரல் எட்டவில்லை என்றால் கையைத் திருப்பாதீர்கள்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கைப்பிடி பற்றியவை. படித்துவிட்டு பிஸ்டலைக் கையில் எடுப்பீர்கள், தெரியும். எடுத்ததும் தோட்டா மேகசினைக் கழற்றுங்கள். தோட்டா அறை காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். அப்புறம் மற்றது.

கே: என் கை சிறியது. எந்த பிஸ்டல் பொருந்தும்?

ப: சிறியது என்றால் எவ்வளவு? கடிதத்தில் ஓர் அளவுகூட இல்லை. என்ன போட்டி என்றும் எழுதவில்லை. உள்ளங்கையின் அகலம் ஒன்று, கட்டைவிரல் கவட்டையிலிருந்து சுட்டுவிரலின் நுனியை ஒட்டிய மடக்கு வரை உள்ள நீளம் ஒன்று, இரண்டையும் அளந்து அனுப்புங்கள். அகலமான உள்ளங்கையும் குட்டை விரலும் உள்ளவர்கள் நிறைய பேர். அவர்கள் உள்ளங்கையை மட்டும் அளந்து கைப்பிடி வாங்கினால் பிடி சரியாக இருக்கும், டிரிகர் எட்டாது.

கே: வழுக்குகிறது. கைப்பிடியைச் சுற்றி டேப் ஒட்டலாமா?

ப: முன்பக்கம் மட்டும் ஒட்டுங்கள். முழுவதும் சுற்றினால் பிடி தடிக்கும், விரல் எட்டும் தூரமும் கூடும்.

கே: பத்து மீட்டர் ஏர் பிஸ்டல், வலக்கை. குண்டுகள் இடப்பக்கமே போகின்றன. டிரிகர் கனமாக இருக்கிறது, எடையைக் குறைக்கலாமா? எட்டுவதற்காகக் கையைக் கொஞ்சம் திருப்பிப் பிடிக்கிறேன்.

ப: கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும். கோளாறு அங்கேதான் இருக்கிறது. டிரிகர் எடை, அதாவது டிரிகர் விடுபடாமல் தாங்க வேண்டிய எடை, 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதற்குக் கீழே போனால் எடைச் சோதனையிலேயே நிற்பீர்கள். கொஞ்சம் மேலே இருந்தாலும் அது கனமே அல்ல. உங்களுக்குக் கனமாகத் தெரிவதற்குக் காரணம், விரல்நுனியால் மட்டும் இழுக்கிறீர்கள். நுனி நேராகப் பின்னால் இழுக்காது, பக்கவாட்டில் தள்ளும். வலக்கைக்காரருக்கு அது பெரும்பாலும் இடப்பக்கம்.

கையைத் திருப்பிப் பிடிப்பதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். கவட்டையின் நடுவில் உட்கார வேண்டிய கைப்பிடியின் முதுகு, கட்டைவிரலின் அடி மூட்டில் போய் உட்காருகிறது. குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இல்லாமல் போகின்றன. குறிபார்க்கும் சைட்டை நேராக்க மணிக்கட்டை ஒடிக்கிறீர்கள். ஐந்தாறு குண்டுக்குத் தாங்கும், அறுபதுக்குத் தாங்காது. கைதான் முதலில் உட்கார வேண்டும். விரல் எங்கே வந்து நிற்கிறதோ, அங்கே டிரிகரைக் கொண்டுவர வேண்டும்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணுக்கும் இதே தொல்லை. அதற்குள் மூன்று பேர் டிரிகர் எடையைத் திருகிப் பார்த்திருந்தார்கள். நான் கையை நேராக வைக்கச் சொன்னேன். விரல் டிரிகர் மேல் பட்டும் படாமலும் நின்றது. டிரிகர் பிளேடின் திருகைத் தளர்த்தி மூன்று நான்கு மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தினோம். விரல் கைப்பிடியில் உரசிய இடத்தில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி விட்டோம். விரல் கட்டையில் உரசினால் நீங்கள் இழுப்பது டிரிகரை அல்ல, பிஸ்டலையே. வேறு எதையும் தொடவில்லை. அன்று மாலையே குண்டுகள் நடுவுக்கு வந்தன.

நீங்களும் எடைத் திருகை விட்டுவிட்டு இந்த வரிசையில் செய்யுங்கள். காலி என்று பார்த்த பிறகு.

கே: டபுள் ஆக்‌ஷன் பிஸ்டல். முதல் குண்டு மட்டும் விலகுகிறது.

ப: ஒரே பிஸ்டலில் விரல் டிரிகரை எட்ட உங்களுக்கு இரண்டு தூரங்கள் இருக்கின்றன. தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் கீழே இருக்கும்போது டிரிகர் முன்னால் தள்ளி நிற்கும். முதல் குண்டு போனதும் சுத்தியல் மேலேறியே நிற்பதால் டிரிகர் பின்னால் வந்துவிடும், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். பெரெட்டா 92 போன்ற தடித்த பிடி என்றால் இன்னும் கஷ்டம். நீளமான தூரத்துக்குக் கையைப் பொருத்துங்கள். மெல்லிய பக்கத் தகடுகள் போட்டாலே கணிசமாக உதவும்.

கே: கைப்பிடியின் முதுகில் மாற்றிப் போடும் பேக்ஸ்ட்ராப்பில் சிறியதே எல்லோருக்கும் நல்லதாமே?

ப: யார் சொன்னது? பிடி தேவைக்கு மேல் சிறுத்தால் விரல்நுனிகள் உள்ளங்கையில் குத்தும், சுட்டுவிரல் மடக்கையும் தாண்டி டிரிகருக்குள் போகும், குண்டு எதிர்ப்பக்கம் இழுக்கும். இன்னொன்று, பேக்ஸ்ட்ராப் பெரும்பாலும் முதுகை மட்டும்தான் மாற்றும், அகலத்தை அல்ல. 2010-இல் வந்த நான்காம் தலைமுறை குளோக்கும் அப்படித்தான். ஹெக்லர் அண்ட் காக் விபி9-இல் பக்கத் தகடுகளும் மாறும் என்பதால் 27 விதமாகச் சேர்க்கலாம். எதுவானாலும் கண்ணை மூடிப் பிடித்து உயர்த்தி, கண் திறந்து சைட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காலி பிஸ்டலில்.

கே: இந்த டிரிகர் தூரம் என்பதெல்லாம் புதிய பேச்சுதானே?

ப: இல்லை. 1920-களில் அமெரிக்க ராணுவம் எம்1911-ஐத் திருத்தி எம்1911ஏ1 ஆக்கியபோது டிரிகரைக் குட்டையாக்கியது, அதன் பின்னால் பிஸ்டலின் சட்டகத்தில் இருபுறமும் விரலுக்காகச் செதுக்கியது. கைப்பிடியின் முதுகையும் வளைவாக்கியது.

கே: மரக் கைப்பிடியில் புட்டி வைத்துக் கைக்கு அச்செடுக்கிறேன். எவ்வளவு இறுக்கமாக?

ப: நீங்கள் நினைப்பதைவிடத் தளர்வாக. சுடச் சுடக் கை சூடேறி வீங்கும். கையின் அடியைத் தாங்கும் கீழ்த்தட்டுக்கும் கைக்கும் இடையே ஒரு காகிதம் நுழைய வேண்டும். மணிக்கட்டைத் தொடும்படி எதையும் கட்டாதீர்கள், விதி அனுமதிக்காது. தேய்ப்பதென்றால் பத்து முறை உப்புத்தாள் போட்டு ஒருமுறை பிடித்துப் பாருங்கள். போன மரம் திரும்ப வராது.