கிடார் தந்தி உயரமா? விலையைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: பதினைந்தாயிரம் ரூபாய்க்கு எலெக்ட்ரிக் கிடார் வாங்கினேன். தந்திகள் உயரமாக இருப்பதால் விரல் வலிக்கிறது. மேல் ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில்) சுருதியும் விலகுகிறது. லட்ச ரூபாய் கிடார்தான் வாங்க வேண்டுமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: வேண்டாம் தம்பி! இருபது வருடமாகக் கிடார் பழுது பார்க்கிறேன். லட்ச ரூபாய்க் கிடார்களும் இதே குறையோடு என் மேஜைக்கு வருகின்றன. முதலில் புதுத் தந்தி மாட்டுங்கள். தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே 0.25 மி.மீ. அளவுக்கு இடைவெளி தெரிய வேண்டும். அதிகமென்றால் டிரஸ் ராடை (கிடாரின் கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பி) கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள், உடைந்தால் கழுத்தே போச்சு. பிறகு சாடில்களை (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டுகள்) இறக்கி, 12ஆவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரத்தை 2 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். அங்கே அழுத்தி மீட்டும் சுரம், அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) சுருதி கூடுதலாக ஒலித்தால் சாடிலைக் கழுத்திலிருந்து விலகும்படி பின்னால் நகர்த்துங்கள்.

விலை வித்தியாசம் பெரும்பாலும் ஃப்ரெட் முனைகள், நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் பதியும் பள்ளங்கள் கொண்ட துண்டு), முறுக்காணி, சுவிட்ச் ஆகியவற்றில்தான் தெரியும். முனை கையைக் கீறினால் அரத்தால் ராவிவிடலாம். நட்டை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். பள்ளம் ஆழமாகிவிட்டால் வேறு நட்தான்.