தண்ணி அரை நாள்ல வடியும், ஈரம் வடியாது

கேள்வி: நீலகிரில எமரால்டு பக்கம் ஓடைய ஒட்டி வீடு சார். ஆடி மழை பலமா பேஞ்சா ஹால்ல முழங்கால் வரைக்கும் தண்ணி வந்துட்டு அரை நாள்ல வடிஞ்சுருது. தரையும் உள்சுவரும் புதுசா போடப்போறோம், குளிருக்கு மரத்தரையும் பிளைவுட் பேனலும் அடிச்சுரலாம்னு கார்பென்டர் சொல்றாரு. போடலாமா?

பதில்: கீழ்த்தளத்துல வேண்டவே வேண்டாங்க, மாடி இருந்தா அங்க ஆசை தீர போட்டுக்கோங்க. 2019 ஆகஸ்ட்ல உங்க பக்கத்து அவலாஞ்சில ஒரே நாள்ல 80 செ.மீக்கு மேல கொட்டுச்சே, அது உங்களுக்கு நான் சொல்லித் தெரியணுமா. கீழ சமவெளில வெள்ளம் வடிஞ்சா நாலு நாள் வெயில்ல வீடு காஞ்சுரும், நம்ம ஊர்ல மழை விட்டாலும் மேகம் இறங்கி நிக்கும், துவைச்ச துணியே மூணு நாளைக்கு காயாது சுவர் எங்க காயறது. அதனால எந்தப் பொருளா இருந்தாலும் நான் முதல்ல பாக்குறது அது எவ்ளோ சீக்கிரம் காயும்னுதான்.

ஒரு வீட்டுல வெள்ளம் வந்து ரெண்டு மாசம் கழிச்சு பேனல கழட்டினோம், முன்பக்கம் பாலிஷ் பளபளன்னு இருக்கு, பின்பக்கம் பூரா கருப்பா பூஞ்சை, குளிருக்காக உள்ள அடைச்சிருந்த கண்ணாடி இழைப் பஞ்ச (கிளாஸ் ஊல்) பிழிஞ்சா தண்ணி சொட்டுது. ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளை, அதாவது தண்ணி தாங்குற பிளைவுட், லேசுல பிரியாதுதான், ஆனா அதுக்குப் பின்னாடி சிக்குன ஈரம் எந்த வழியா போகும்? ஜிப்சம் போர்டு பத்தி பேசவே வேணாம், ஊறி உதிர்ந்துரும்.

உள்சுவருக்கு சாலிட் பிளாக் வாங்குங்க, ஹாலோ பிளாக்னா ஓட்டைக்குள்ள தண்ணி தங்கிரும். மேல சிமெண்ட் பூச்சு, அதுக்கு சுண்ணாம்போ சிமெண்ட் பெயிண்டோ போதும், பளபளப்பான பெயிண்ட் அடிச்சா ஈரம் வெளிய வர வழியில்லாம கொப்புளம் கொப்புளமா உரியும். தரைக்கு விட்ரிஃபைடு டைல்ஸ், டைல்ஸ் இடுக்குக்கு தண்ணி இறங்காத எபாக்சி கலவை, வாசல் பக்கமா லேசா வாட்டம். குளிருக்கு மேட் விரிச்சுக்கோங்க, மழைன்னா சுருட்டி மேல தூக்கி வச்சுரலாம். அலமாரிக்கு பழைய கடப்பா கல்லே ராஜா. ஸ்விட்ச், பிளக் எல்லாம் 4 அடிக்கு மேல, கீழ்த்தளத்துக்குத் தனி லைன் இழுத்து கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற ஆர்சிசிபி போடச் சொல்லுங்க, இதுல மட்டும் காசு பாக்காதீங்க.

வேலைய ஜனவரில ஆரம்பிங்க, பூச்சு காய வெயில் கிடைக்கும். மே கடைசிக்குள்ள பெயிண்ட் வரைக்கும் முடிச்சுருங்க.