சுவரில் துளையிடும் முன்: மின்பாதுகாப்பு பற்றிய கேள்வி பதில்

வீட்டுச் சுவரில் துளையிடும்போது உள்ளே ஓடும் வயரில் படாமல் இருப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, வயரிங் வேலையில் இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சுவருக்குள் வயர் எந்த வழியாகப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒழுங்காகச் செய்த கன்சீல்டு வயரிங்கில் (சுவருக்குள் மறைத்துப் பதித்த வயரிங்) வயர் செல்லும் பைப் சுவிட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலாகவோ, நேர் கீழாகவோ, படுக்கைவாட்டிலோ செல்லும். ஆகவே ஒவ்வொரு சுவிட்ச் பெட்டி, பிளக் பாயின்ட், சுவர் விளக்கு வழியாகவும் ஒரு செங்குத்துக் கோடும் ஒரு படுக்கைக் கோடும் போவதாகக் கொண்டு, அவற்றின் இருபுறமும் ஒரு சாண் அகலத்தைத் தொடாமல் விடுங்கள். கூரையை ஒட்டிய பகுதிக்கும் சுவர் மூலைக்கும் இதுவே கணக்கு. சுவரின் மறுபக்கத்தையும் போய்ப் பாருங்கள். மெல்லிய சுவரில் அடுத்த அறையின் பைப் உங்கள் டிரில்லின் பிட்டுக்கு (துளையிடும் கம்பிக்கு) எட்டும் ஆழத்தில் இருக்கலாம். ஆனால் பழைய வீடுகளிலும், பின்னாளில் ஏசிக்காகச் சுவரை வெட்டிய இடங்களிலும், வயரை மிச்சம் பிடிக்கப் பைப்பைக் குறுக்காகக் கொண்டுபோயிருப்பார்கள். எனவே இந்தக் கணக்கு ஆபத்தைக் குறைக்குமே தவிர நீக்காது. மெயினை அணைத்த பிறகே துளையிடுங்கள்.

கேள்வி: வயர் டிடெக்டர் ஒன்றும் காட்டாவிட்டால் துளையிடலாமா?

பதில்: அதை மட்டும் நம்பித் துளையிடக் கூடாது. விலை குறைந்த டிடெக்டர்கள் பெரும்பாலும் மின்னழுத்தம் இருக்கும் வயரை மட்டுமே உணர்கின்றன. விளக்கின் சுவிட்ச் அணைந்திருந்தால், சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் வயர் அதற்குத் தெரியாது. ஆகவே எல்லாச் சுவிட்சுகளையும் போட்டுவிட்டுத் தேடி, அடையாளம் இட்டபின் மெயினை அணையுங்கள். எர்த் செய்த இரும்புப் பைப்புக்குள் இருக்கும் வயரையும் அது தவறவிடும். ஈரச் சுவரிலோ எங்கு வைத்தாலும் வயர் இருப்பதாகக் காட்டும்.

கேள்வி: பேட்டரி டிரில்லில் ஷாக் அடிக்காதல்லவா?

பதில்: அடிக்கும். ஷாக் வருவது சுவருக்குள் இருக்கும் வயரிலிருந்து. பிட் ஃபேஸ் வயரைத் தொட்ட கணமே அதைப் பிடித்திருக்கும் உலோகச் சக்கிலும் மின்னழுத்தம் வந்துவிடும். பேட்டரி டிரில்லின் நன்மை வேறு: வீட்டு மெயினை முழுதும் அணைத்துவிட்டு அதைக் கொண்டு வேலை செய்யலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறது. அதற்கு மேல் உடலில் மின்சாரம் பாய விடாதபோது மெயினை ஏன் அணைக்க வேண்டும்?

பதில்: இந்தத் தவறான எண்ணம் பரவலாக இருப்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஆர்சிசிபி மின்னோட்டத்தின் அளவைக் கட்டுப்படுத்துவதில்லை. அது பாயும் நேரத்தை மட்டுமே குறைக்கிறது. உடலின் தடை 1500 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் பாய்வது 150 மில்லி ஆம்பியருக்கு மேல். துண்டிக்கும் வரை அவ்வளவும் உடல் வழியாகத்தான் போகும். மேலும், ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டு, தரைக்குக் கசிவே இல்லை என்றால், ஆர்சிசிபிக்கு நீங்களும் ஒரு விளக்கும் ஒன்றுதான், அது விழாது, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்காது.

கேள்வி: தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள். 0.04 வினாடியில் துண்டித்துவிடும் கருவி இருக்க, உயிருக்கு என்ன ஆபத்து?

பதில்: கசிவு 150 மில்லி ஆம்பியராக இருக்கும்போது தரநிலை கேட்கும் வேகம் 0.04 வினாடி, 30 மில்லி ஆம்பியரில் 0.3 வினாடி வரை அனுமதி உண்டு. நன்றாக இயங்கும் ஆர்சிசிபி உயிரைக் காக்கும், ஒவ்வொரு வீட்டிலும் அது வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஏணி மேல் நிற்பவர் அந்த ஒரு கண உதறலிலேயே கீழே விழுவார். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த கருவி இறுகிப்போய்த் துண்டிக்காமலும் இருக்கலாம். அதன் டெஸ்ட் பட்டனைக் கடைசியாக எப்போது அழுத்திப் பார்த்தீர்கள்? நம் தவறுக்குப் பின் காக்க வேண்டிய கருவியை நம்பித் தவறு செய்யக் கூடாது.

கேள்வி: டெஸ்டர் எரியவில்லை என்றால் மின்சாரம் இல்லை என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. நியான் டெஸ்டர் உங்கள் உடல் வழியாகப் பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தால் எரிவது. மர ஏணியில் நின்றால் மங்கிவிடலாம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். இரண்டு முனை உள்ள டெஸ்டரால் மெயினை அணைக்கும் முன்பும் பின்பும் அதே பிளக் பாயின்டில் சோதியுங்கள்.

கேள்வி: மெயினை அணைத்தும் சில விளக்குகள் எரிகின்றனவே?

பதில்: அது இன்வெர்ட்டர் தரும் மின்சாரம். அதன் வெளியீட்டையும் அணைக்காமல் சுவரைத் தொடாதீர்கள்.

கேள்வி: நான் பேட்டரி டிரில்தான் வைத்திருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதில்: பொருந்தும். மேலே எழுதிய பதிலைத் தயவுசெய்து படியுங்கள். இரட்டைக் காப்புக் குறி (சதுரத்துக்குள் சதுரம்) உள்ள டிரில்லில் ஷாக் அடிக்காதே என்று கேட்டவருக்கும் அதுவே பதில். அந்தக் குறி டிரில்லுக்குள் ஏற்படும் பழுதுக்கு மட்டுமே.

கேள்வி: துளையிட்டபோது பொறி பறந்து எம்சிபி (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தது. மீண்டும் போட்டதும் எல்லாம் வேலை செய்கிறது. அப்படியே பூசிவிடலாமா?

பதில்: கூடாது. எல்லாம் வேலை செய்வதாலேயே இது ஆபத்தானது. உறை கிழிந்து பாதி அறுந்த வயர், கீசர் போன்ற அதிக மின்சாரம் இழுக்கும் கருவி ஓடும்போதெல்லாம் அந்த இடத்தில் சூடாகும். எம்சிபிக்கு அது தெரியாது. அறுந்தது எர்த் வயராக இருந்தால் எந்த அறிகுறியும் இருக்காது, ஆனால் அதற்கப்பால் உள்ள எல்லா பிளக் பாயின்டுகளும் எர்த் இழந்திருக்கும். நீங்கள் முறுக்கிய ஸ்க்ரூ ஃபேஸைத் தொட்டுக்கொண்டிருந்தால், அதில் மாட்டும் இரும்பு அலமாரி முழுதும் ஷாக் அடிக்கும். அந்தச் சர்க்யூட்டை அணைத்தே வைத்து, எலக்ட்ரீசியனை அழைத்து, 500 வோல்ட் மெக்கரால் (வயர் உறையின் காப்பை அளக்கும் கருவி) காப்புத் தடையைச் சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் வயரை மாற்றியே ஆக வேண்டும். எர்த் தொடர்ச்சியையும் பார்க்கச் சொல்லுங்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: வயரில் பட்ட பிட் சுவருக்குள்ளேயே சிக்கிக்கொண்டால்?

பதில்: இழுக்காதீர்கள், சக்கைத் தொடாதீர்கள். கையை எடுத்துவிட்டு, மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்த பின்னரே பிட்டை வெளியே எடுங்கள். துளையை அடைக்க வேண்டாம்; எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும்வரை அது திறந்தே இருக்கட்டும்.