சாலை முடியாமல் கிடந்தால் அரசு மீது வழக்குப் போட முடியுமா?

கேள்வி: வக்கீல் சார், எங்கள் ஊர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கும் வேலை 2020இல் தொடங்கியது. இரண்டு வருடத்தில் முடியும் என்று பலகை வைத்தார்கள். பலகை இன்னும் இருக்கிறது, முடியும் தேதியின் மேல் மட்டும் தாள் ஒட்டி மறைத்துவிட்டார்கள். என் ஹார்டுவேர் கடை முன்னால் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் பாதி கான்கிரீட்டோடு நிற்கிறது. சரக்கு லாரி கடைக்கு வர வழியில்லை. எட்டு மாதத்துக்கு முன் இரவில், மாற்றுப்பாதைத் திருப்பத்தில் அப்பா பைக்கோடு பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தது. அங்கே விளக்கும் இல்லை, தடுப்பும் இல்லை. கலெக்டர் ஆபீஸில் போய்க் கேட்டால் நெடுஞ்சாலை ஆணையத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். ஆணையத்தில் ஒப்பந்ததாரரைக் கை காட்டுகிறார்கள். ஒப்பந்ததாரரின் ஆட்களோ, நிலம் எடுத்துத் தரவில்லை என்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் சுங்கம் மட்டும் தவறாமல் வாங்குகிறார்கள். இந்தத் தாமதத்துக்கு அரசு மீது வழக்குப் போடலாமா? நஷ்டஈடு கிடைக்குமா?
– நெடுஞ்சாலையோரக் கடைக்காரர், தென்மாவட்டம்

பதில்: கசப்பான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘சாலை தாமதமாகிவிட்டது’ என்பதை மட்டும் வைத்துப் போடும் வழக்கு நிற்காது. இந்தத் தேதிக்குள் சாலையை முடித்தே தீர வேண்டும் என்று ஆணையம் உங்களுக்குக் கடமைப்பட்டதாக எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் தேதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது ஆணையத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையிலானது. அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டவர் இல்லை. தாமதத்துக்கு அபராதம் வசூலித்தாலும் அது ஆணையத்துக்குத்தான் போகும்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வழக்கு இல்லை, நாலைந்து விஷயங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ‘தாமதம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால், மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டியே வருடத்தை ஓட்டிவிடுவார்கள். பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் யார் என்று தெரியும்.

அப்பாவின் விபத்திலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அலட்சியத்துக்கு நஷ்டஈடு கேட்க மூன்று வருடம் இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் சட்டப்படி செய்ததாகச் சொல்லப்படும் ஒரு செயலுக்கோ, செய்யத் தவறியதற்கோ இழப்பீடு கேட்டால் ஒரே வருடம்தான் என்கிறது 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்ட அட்டவணையின் 72ஆவது இனம். இந்த வழக்குக்கு அது பொருந்தாது என்று வாதாட இடம் உண்டு. இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது அதைத்தான். அந்த விவாதத்துக்கே இடம் கொடுக்காமல், விபத்து நடந்து ஒரு வருடம் ஆவதற்குள் சிவில் நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிடுங்கள். அரசையும் பிரதிவாதியாகச் சேர்ப்பதென்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் காலக்கெடுவில் சேராது என்றாலும், நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும்.

இன்னொரு வாகனம் மோதாததால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இதற்கு வழியில்லை. பைக் அப்பா பெயரில் இருந்தால் இன்சூரன்ஸில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கலாம். அதில் பணம் வருவது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். கால் சரியாகக் கூடவில்லை என்று டாக்டர் சான்று தந்தால் அதையும் பாருங்கள். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வந்த 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் சாலைக்குப் பொறுப்பான அமைப்பு, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பணமும் உங்களுக்கு வராது, மோட்டார் வாகன விபத்து நிதிக்குப் போகும். உங்களுக்கு அதில் உள்ள பயன், சிவில் வழக்கில் அலட்சியத்தைக் காட்ட உதவும் என்பதுதான்.

ஆதாரத்துக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது போட்ட ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியை வாங்குங்கள். அதில் ‘வண்டியிலிருந்து தவறி விழுந்தார்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கொஞ்சம் பாதகம். ‘தோண்டிய பள்ளத்தில் விழுந்தார்’ என்றிருந்தால் பாதி வேலை முடிந்தது. போலீஸில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் இப்போதாவது எழுத்தில் கொடுங்கள், தாமதத்துக்கான காரணத்தையும் அதிலேயே சொல்லுங்கள். அந்தத் திருப்பத்தை இரவில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். திடீரென்று ஒருநாள் அங்கே ரிஃப்ளெக்டரும் தடுப்பும் முளைத்துவிடும், அதற்கு முந்தைய நிலைக்குச் சாட்சி உங்களிடம் இருக்க வேண்டும்.

சரி, தாமதம் யாருடையது? இதற்குத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பலர் இதில் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: ‘வேலை ஏன் முடியவில்லை?’ என்று கேட்டு மனுப் போடுகிறார்கள். அந்தச் சட்டத்தின்படி அவர்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, கையில் உள்ள ஆவணத்தைத்தான் தர வேண்டும். ஆகவே ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒப்பந்தத்தின் நகல், வேலை தொடங்கியதாகக் கணக்கிடப்படும் ‘அப்பாயின்டட் டேட்’ கடிதம், எந்தக் கிலோமீட்டரில் எவ்வளவு நிலம் எந்தத் தேதியில் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற குறிப்பாணை, ஒவ்வொரு கால நீட்டிப்பு உத்தரவும் அதற்கு மேற்பார்வைப் பொறியாளர் எழுதிய பரிந்துரையும், மாதாந்திர முன்னேற்ற அறிக்கைகள், இதுவரை விதித்த அபராதம். கட்டணம் 10 ரூபாய். ஆணையத்தின் திட்ட அலுவலகத்தில் உள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. ‘வணிக ரகசியம்’ என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். பொதுப் பணத்தில் போடும் சாலையின் ஒப்பந்தத்துக்கு அந்தச் சாக்கு எளிதில் செல்லாது, 8(2) பிரிவின் பொதுநலனைச் சுட்டி மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. நகல் வாங்குவது மட்டுமல்ல, வேலையை நேரில் பார்வையிடும் உரிமையும், போட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கும் உரிமையும் அதில் இருக்கிறது. உங்கள் கடை முன்னால் நிற்கும் அந்தப் பாதி வடிகாலை, அதன் கோப்போடு சேர்த்துப் பார்வையிட மனுப் போடலாம். இப்படி ஒரு மனு போனால் அலுவலகத்தில் கொஞ்சம் அசைவு தெரியும்.

ஆவணங்கள் வந்தபின் இரண்டு இடத்தைப் பாருங்கள். நிலத்தை ஆணையம்தான் எடுத்துத் தர வேண்டும். வடிவமைப்பு முதல் கட்டுமானம் வரை ஒரே ஒப்பந்ததாரர் செய்யும் இ.பி.சி. முறைக்கான அரசின் மாதிரி ஒப்பந்தப்படி, வேலை தொடங்கும் நாளிலேயே தேவைப்படும் நிலத்தில் குறைந்தது 90 சதவீதம் ஒப்பந்ததாரர் கைக்கு வந்திருக்க வேண்டும். அது நடக்காமல் வேலையைத் தொடங்கியிருந்தால், ‘நிலம் தரவில்லை’ என்று ஒப்பந்ததாரர் சொல்வது சாக்கு இல்லை, உண்மைக் காரணம். இது உங்கள் ஊர் நோய் மட்டுமல்ல. பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தைத் தணிக்கை செய்த சி.ஏ.ஜி.யின் (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) 2023 அறிக்கையிலேயே நிலம் கைக்கு வருவதற்கு முன் வேலை ஒப்படைக்கப்பட்ட கதைகள் இருக்கின்றன.

இரண்டாவது இடம்தான் உங்கள் துருப்புச்சீட்டு. அதே மாதிரி ஒப்பந்தத்தில், கட்டுமானக் காலம் முழுவதும் ஏற்கெனவே உள்ள சாலையை ஒப்பந்ததாரர் தன் செலவில் பராமரிக்க வேண்டும், போக்குவரத்துக்கு உகந்த நிலையும் பாதுகாப்பும் ஒப்பந்தத்துக்கு முன் இருந்ததைவிட மோசமாகக் கூடாது என்று ஒரு விதி உண்டு. சாலை எப்போது முடிந்தால் என்ன, முடியும் வரை பள்ளத்துக்குத் தடுப்பும் திருப்பத்துக்கு விளக்கும் வைப்பதற்கு நிலம் எடுக்க வேண்டியதில்லை, நிதி ஒதுக்கீட்டுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நீதிபதி முன்னால் இந்த ஒரு வாதத்துக்கு மூன்று தரப்பிடமும் பதில் இருக்காது.

கடை முன் பள்ளத்துக்கு உயர் நீதிமன்றம் வரை போவதற்கு முன் பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133) பொதுவழியில் உள்ள தொல்லையை அகற்ற நிர்வாக நடுவருக்கு அதிகாரம் தருகிறது, அதாவது உங்கள் கோட்டாட்சியருக்கு. ரத்லம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980இல் இந்தப் பிரிவைக் கொண்டுதான் நகராட்சியைச் சாக்கடை கட்ட வைத்தது. பணமில்லை என்ற பதிலை அன்றே ஏற்கவில்லை. கோட்டாட்சியர் ஆபீஸில் இதைப் புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு, தீர்ப்பின் நகலையும் மனுவோடு இணைத்துவிடுங்கள்.

வியாபார நஷ்டத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சாலை வேலை நடக்கும்போது விற்பனை குறைவது இழப்பீடு கேட்கும் காரணமாகப் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. கடைக்குப் போகும் வழியே நியாயமற்ற காலத்துக்கு அடைபட்டது என்று காட்டினால் கொஞ்சம் வலு உண்டு. ஆனால் தேசிய நெடுஞ்சாலையில் நேரடி அணுகுவழிக்கு அனுமதி வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் கடைக்கு அந்த அனுமதி உண்டா? இல்லையென்றால் நஷ்டஈடு கேட்கப்போய் கடைக்கே நோட்டீஸ் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஜி.எஸ்.டி. கணக்கு பேசும் நஷ்டத்தை மட்டும் கேளுங்கள், கணக்கில் வராத விற்பனையை நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது.

இனி ரிட் மனு, அதாவது அரசு அமைப்புகளுக்கு உத்தரவிடக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. முதலில் திட்ட இயக்குநர், மாவட்ட ஆட்சியர், நிலம் எடுப்பு டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) மூவருக்கும் ஒரே கோரிக்கை மனுவை ஒப்புகையோடு அனுப்பிவிட்டு, அரசியலமைப்பு 226ஆம் பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போங்கள். பொதுநல வழக்காகப் போடச் சொல்பவர்கள் வருவார்கள், வேண்டாம். பொதுநல மனுவில் தனக்குத் தனிப்பட்ட அக்கறை இல்லை என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும், உங்களுக்கோ கடையும் இருக்கிறது, அப்பாவின் காலும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவராகவே போங்கள். சாலை வசதி வாழ்வுரிமையின் பகுதி என்று மலைப்பகுதி மக்கள் தொடர்பான உமேத் ராம் சர்மா வழக்கில் 1986இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அது உங்களுக்கு அடித்தளம்.

கேட்கும் பரிகாரத்தில்தான் விஷயம் இருக்கிறது. ‘என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்’ என்று மட்டும் கேட்டால் ‘12 வாரத்தில் பரிசீலியுங்கள்’ என்று முடித்துவிடுவார்கள், அப்புறம் ஒரு நிராகரிப்புக் கடிதம் வரும். ‘ஆறு மாதத்தில் சாலையைப் போடு’ என்று கேட்டாலும் நீதிமன்றம் தயங்கும். தடுப்பு, விளக்கு, தற்காலிகத் தார், கடைகளுக்கு மரப்பலகை அல்லது கான்கிரீட் மூடி, இவற்றுக்கு வாரக் கணக்கில் கெடு கேளுங்கள். மீதி வேலைக்கு, அவர்களே கடைசியாக வாங்கிய கால நீட்டிப்பின் தேதியைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொல்லிக் கேளுங்கள். தாங்களே எழுதிக் கொடுத்த தேதியை மீறினால்தான் அவமதிப்பு வழக்கு பல் முளைத்து நிற்கும்.

வென்றால் சாலை வந்துவிடும் என்று நினைக்கவும் வேண்டாம். சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். கூவத்துக்குள் தூண் வருகிறது என்று 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014இல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அப்படியும் பழைய திட்டம் எழவில்லை, ஈரடுக்குச் சாலையாக மாற்றி 2022இல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். அதனால்தான் சின்னதாக, செய்து முடிக்கக்கூடியதாகக் கேளுங்கள் என்கிறேன்.

சுங்கம் பற்றி. முன்னுதாரணம் இருக்கிறது. மதுரவாயல்–வாலாஜா சாலையின் மோசமான நிலையைப் பார்த்து இரண்டு சாவடிகளில் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் திருச்சூர் மாவட்டம் பாலியேக்கரையில் வசூலை நான்கு வாரம் நிறுத்தியது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. ஆனால் உங்கள் பக்கத்துச் சாவடி எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரைக்கும் கட்டணம் வாங்குகிறது என்று அறிவிக்கையைப் பாருங்கள். வேலை முடிந்த வேறு பகுதிக்கான சாவடி என்றால் இந்த வாதம் எடுபடாது.

கடைசியாக ஒன்று. நோட்டீஸ் போன பிறகு ஒப்பந்ததாரர் தரப்பிலிருந்து யாராவது அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவைத் தருகிறோம் என்று வரலாம். வாங்கிக்கொள்வதில் தவறில்லை, செக்காகவோ வங்கி வழியாகவோ வாங்குங்கள். ஆனால் ரசீதில் ‘முழுமையான இறுதித் தீர்வாக’ என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு, ‘மருத்துவச் செலவுக்கு ஒரு பகுதியாக’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காவிட்டால் பணத்தை அவர்களிடமே விட்டுவிட்டு வக்கீலைப் பாருங்கள்.