நகலாக வாங்கிய ஓவியத்தில் ரெம்பிராண்டின் பெயர்

கேள்வி: நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு இங்குள்ள பழம்பொருள் கடை ஒன்றில், இயேசு கலிலேயாக் கடலில் புயலை அடக்கும் அற்புதத்தைக் காட்டும் ஓவியத்தை 1,800 யூரோவுக்கு வாங்கினேன். மரப்பலகையில் தீட்டப்பட்ட அதன் உயரம் 60 செ.மீ. ரசீதில் ‘ரெம்பிராண்டைப் பார்த்து வரைந்த பழைய நகல்’ என்றுள்ளது. அழுக்கு நீக்கியபோது படகின் சுக்கானில் ரெம்பிராண்டின் பெயர் தெரிந்தது. மூல ஓவியம் திருடுபோனதாமே, இதை வைத்திருப்பது குற்றமா? விற்கலாமா? மதிப்பு கூடினால் கடைக்காரர் திரும்பக் கேட்பாரா?

பதில்: தங்கள் முதல் அச்சத்தை உடனே விட்டுவிடலாம். ரெம்பிராண்ட் 1633-இல் தீட்டிய மூல ஓவியம் கித்தானில் வரையப்பட்டது, 160 செ.மீ. உயரமும் 128 செ.மீ. அகலமும் கொண்டது. 1990 மார்ச் 18 அன்று பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் காவல்துறையினர் வேடத்தில் நுழைந்த இருவர், அதைச் சட்டத்திலிருந்து அறுத்தெடுத்து, மொத்தம் 13 கலைப்பொருள்களுடன் கொண்டுசென்றனர். தங்களிடம் இருப்பது பலகை. மூலத்திலும் கையெழுத்து சுக்கானில்தான் இருக்கிறது என்பதால், நகலெடுத்தவர் கண்ணில் பட்டதையெல்லாம் அப்படியே எழுதியிருக்கிறார் என்று கொள்வதே இயல்பு. ரெம்பிராண்ட் 1669-இல் இறந்துவிட்டதால் பதிப்புரிமைச் சிக்கலும் இல்லை.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. மூலம் திருடுபோனதையே நினைத்துக்கொண்டிருப்பவர்கள், கையிலிருக்கும் நகலும் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து திருடுபோயிருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். டச்சு உரிமையியல் சட்டத்தொகுப்பின் 3:86-ஆம் பிரிவின்படி, பொருளைத் திருட்டுக் கொடுத்தவர் திருட்டு நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அதைத் திரும்பக் கேட்கலாம். ஆயினும், அத்தகைய பொருள்களை வழக்கமாக விற்கும் நிலையான கடையில், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிய தனிநபர் நுகர்வோரிடம் அந்த உரிமை செல்லாது. சந்தையில் விரித்த தற்காலிகக் கடையிலோ ஏலத்திலோ வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது. தாங்கள் வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையாளர் கேட்டால் யாரிடம் வாங்கினீர்கள் என்பதைத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும் என்று 3:87 கட்டாயப்படுத்துவதால், கடையின் பெயரும் தேதியும் உள்ள ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திருடுபோன கலைப்பொருள்களைப் பதிவுசெய்யும், லண்டனிலுள்ள ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர் நிறுவனத்தின் பட்டியலில் தேடச் சொல்லிச் சான்று பெறுவது, விற்கும் நாளிலும் உதவும்.

விற்கலாம். ஆனால் எந்தச் சொல்லால் விற்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. பொய்யாகப் பெயரிடப்பட்ட கலைப்படைப்பை, அந்தப் பெயருக்குரியவரே செய்தது போல அறிந்தே விற்பதும் விற்பனைக்கு வைப்பதும் டச்சுக் குற்றவியல் சட்டத்தின் 326பி பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. ‘ஒருவேளை அசலாக இருக்கலாம்’ என்று வாய்மொழியாக ஆசை காட்டுவதைக்கூட நான் கடுமையாக எதிர்க்கிறேன். அது பிறகு மோசடி வழக்கில் தங்களுக்கு எதிரான சாட்சியமாகும்.

கடைக்காரரைப் பொறுத்தவரை, உரிமையியல் சட்டத்தொகுப்பின் 6:228-ஆம் பிரிவு தவறான புரிதலில் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய இடமளித்தாலும், தவறாகப் புரிந்துகொண்டவரே பொறுப்பேற்க வேண்டிய தவறுகளை அது விலக்கிவைக்கிறது. ஸ்டெவன்ஸ்வேர்ட் கிண்ண வழக்கில், மாஸ் ஆற்றில் கிடைத்த வெள்ளிக் கிண்ணத்தின் அருமை தெரியாமல் விற்றவரின் வாதத்தை டச்சு உச்ச நீதிமன்றம் 1959-இல் ஏற்கவில்லை: பொருளின் தன்மை அறியாமல் விற்பது பொதுவாக விற்பவரின் பொறுப்பு. பழம்பொருள் வணிகத்தையே தொழிலாகக் கொண்டவர் அதைவிட மேலான நிலையைக் கோருவது கடினம். வாங்கும்போதே உண்மை தெரிந்து தாங்கள் மறைத்திருந்தால் நிலைமை மாறியிருக்கும். தங்களுக்கோ பெயர் தெரிந்தது பிற்பாடுதான். ஆகவே சுத்தம் செய்தவரிடம் அந்தத் தேதியோடு ஓர் அறிக்கையும், முன்பும் பின்பும் எடுத்த படங்களும் எழுத்துமூலம் வாங்கிக்கொள்ளுங்கள். சுக்கானிலுள்ள பெயரை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்க விடாதீர்கள்; விற்பனைப் பத்திரத்தில் ‘நகல்; சுக்கானில் பெயர் உள்ளது; ரெம்பிராண்டின் கையால் ஆனதன்று’ என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.