கலிபோர்னியாவின் பழைய கிராமப்புற ஊர்களில் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

பொதுப்படச் சொல்வதைவிட, மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவுக்குக் குடிவந்த பிறகு நான் பலமுறை போய்வந்த லாக் என்ற ஊரை வைத்துச் சொல்கிறேன். நகரத்துக்குத் தெற்கே சுமார் 45 கி.மீ. தொலைவில், சாக்ரமெண்டோ ஆற்றை ஒட்டி, சீனர்கள் தங்களுக்கென்றே கட்டிக்கொண்ட ஊர் அது.

முதன்முறை ஆற்றின் கரைமேல் ஓடும் சாலையில் காரை நிறுத்தியபோது, தாழ்வான மரக்கடைகளின் வரிசை ஒன்றுதான் கண்ணில் பட்டது. கீழே இறங்கிய பிறகே, நான் பார்த்தது அவற்றின் மாடி என்பதும், கீழ்த்தளம் மறுபுறமுள்ள குறுகலான பிரதானத் தெருவைப் பார்த்துத் திறக்கிறது என்பதும் புரிந்தது. சாயம் வெளுத்த பலகைகளும், தெருவை நோக்கிச் சற்றே சாய்ந்து நிற்கும் மாடி முகப்புகளும் இன்றும் அப்படியே இருக்கின்றன.

அந்தக் கரைக்கே ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் இந்தப் பகுதி முழுவதும் கோரை மண்டிய சதுப்பு நிலம். 1860-களிலிருந்து சீனத் தொழிலாளர்கள் இடுப்பளவு நீரில் நின்று மண்ணை வெட்டிக் கரைகளை எழுப்பியதால்தான் அது விளைநிலமானது. ஆனால் அவ்வாறு மீட்ட நிலத்தில் ஒரு துண்டைக்கூட அவர்களால் சொந்தமாக்கிக்கொள்ள முடியவில்லை. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயல்நாட்டவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று 1913-இல் மாநிலச் சட்டம் வந்தது, சீனர்களோ 1943 வரை குடியுரிமைக்கே தகுதியற்றவர்களாக இருந்தார்கள்.

1915-இல் பக்கத்து ஊரான வால்நட் குரோவின் சீனர் பகுதி தீயில் எரிந்துபோனது. அங்கிருந்த, தென்சீனாவின் சோங்ஷான் வட்டாரத்தார், பேரிக்காய்த் தோப்பு வைத்திருந்த ஜார்ஜ் லாக் என்பவரிடம் போய், வாய்ப்பேச்சிலேயே ஒப்பந்தம் செய்துகொண்டு இந்த ஊரைக் கட்டினார்கள். கட்டடம் அவர்களுடையது, அடிமனை நில உடைமையாளருடையது. மாதந்தோறும் மனை வாடகை கொடுக்க வேண்டும். என் பார்வையில், இந்த ஊரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதுதான் திறவுகோல். பத்திரமில்லாத இடத்தில் யார்தான் கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டுவார்கள்?

வாழ்க்கை பயிர்க்காலத்தோடு ஓடியது. வசந்தத்தில் அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய்கறியின் அறுவடை: நீண்ட கைப்பிடி கொண்ட கத்தியை மண்ணுக்குள் செலுத்தி, குனிந்தபடியே தண்டு தண்டாக அறுக்க வேண்டும். கோடையில் பேரிக்காய் பறிப்பு, அதையொட்டிப் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை. சீனர் குடியேற்றத்தைத் தடுத்த சட்டத்தால் மனைவியை அழைத்துவர முடியாத ஆண்களே மிகுதியாக இருந்ததால், வேலையில்லாத மாதங்களில் அவர்கள் பொழுதைக் கழித்த இடம் சூதாட்ட விடுதி. அருங்காட்சியகமாகிவிட்ட டாய் லோய் விடுதியில் ஃபான்டான் என்ற சீனச் சூதாட்டம் ஆடிய மேசை இருக்கிறது. ஒரு குவியல் பொத்தான்களைக் கிண்ணத்தால் மூடிவைத்து, பந்தயம் கட்டி முடிந்ததும் மெல்லிய குச்சியால் நான்கு நான்காக ஒதுக்கிக்கொண்டே வருவார்கள். கடைசியில் ஒன்றா, இரண்டா, மூன்றா, நான்கா எஞ்சுகிறது என்பதில்தான் வெற்றி தோல்வி. சுற்றுலாப் பயணிகள் இந்தச் சூதாட்டக் கதையையே பெரிதாகப் பேசுவார்கள். எனக்கென்னவோ, வேலை தேடி வந்தவன் தேநீர் குடித்துவிட்டு, எந்தத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்த கூடமாகவே அது தோன்றுகிறது. 1951-இல் அரசு அதை மூடிவிட்டது.

குடும்பத்தோடு இருந்தவர்களின் பிள்ளைகள் பகலில் ஆங்கிலப் பள்ளிக்கும் மாலையில் சீன மொழிப் பள்ளிக்கும் போனார்கள். வீடுகளுக்குப் பின்னால் காய்கறித் தோட்டங்கள் இருந்தன. அங்கே பந்தலில் பாகற்காய் தொங்குவதைப் பார்த்தபோது, கூட வந்திருந்த என் அம்மா அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

1913-இன் அந்த நிலச் சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் 1952-இல் செல்லாததாக்கியது. எனினும் லாக்கின் மனைகள் தனித்தனியாகப் பிரிக்கப்படாததால் பழைய நிலையே நீடித்தது. 2001-இல் ஒரு பொது முகமை ஊர் நிலத்தை வாங்கி மனைகளாகப் பிரித்தது. கட்டட உரிமையாளர்கள் தங்கள் காலடி மண்ணை 2004 வாக்கில்தான் விலைகொடுத்து வாங்க முடிந்தது. அதற்குள் பிள்ளைகள் பெரும்பாலும் படித்து நகரங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். ஊரில் எஞ்சியிருந்த சீனர்கள் மிகச் சிலரே.